மாப்பிள்ளை 84, குதிரை எத்தனை?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் எடை போடாமல் விற்கும் சரக்கு ரொம்பக் குறைவு. கறிவேப்பிலை, கொத்துமல்லி, வாழை இலை, பூ. கட்டு, பிடி, முழம் என்று தப்பித்துக்கொள்கிறவை இவ்வளவுதான். மீன் பாதி கூறு, பாதி கிலோ. மற்றதெல்லாம் தராசில் ஏறி இறங்கித்தான் பைக்குள் விழும்.

அரசாங்கக் காகிதத்தில் இந்த இடத்துக்குப் பெயர் குபேர் அங்காடி. 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக வந்தாரே எதுவார் குபேர், அவர் பெயர். ஆட்டோவில் ஏறி 'குபேர் அங்காடி' என்று சொல்லிப் பாருங்கள். திரும்பி ஒரு தடவை உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரிய மார்க்கெட்டுன்னு சொல்லு ஸார்" என்பார்.

இங்கே எடை விஷயத்தில் ஆளுக்கு ஆள் புலி. பூசணிக்காயைக் கையில் வாங்கி லேசாக ஒரு குலுக்கு. "ரெண்டே முக்கால்!" தராசில் வைத்தால் ரெண்டு எழுநூற்று இருபது. மீன்காரம்மா வஞ்சிரத்தின் வாலைப் பிடித்துத் தூக்கும்போதே விலை சொல்லிவிடுவார். தராசு எல்லாம் நம் மனத்திருப்திக்கு.

இப்படிப்பட்ட புலிகளைப் பூனை ஆக்குவதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

"ஏங்க, ஒரு குதிரை எத்தனை கிலோ இருக்கும்?"

* * *

கேள்வி எனக்காகத் தோன்றியதில்லை. நான் வழக்கமாகப் பருப்பு வாங்கும் கடையில் கொள்ளு வாங்க ஒருவர் வருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாரத்துக்குப் பத்துக் கிலோ கொள்ளு. ரசத்துக்கு இவ்வளவு எதற்கு என்று யோசிக்க வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையும் சாரட்டும் விடுகிறவர். குதிரையின் பெயர் சுல்தான். வெள்ளை. தலையில் குஞ்சம் வைத்தால் சினிமாக் குதிரை மாதிரி இருக்கும். வைக்காவிட்டால் நம்மை மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் கையில் ஒரு மருந்துச் சீட்டு. குடல்புழு மருந்து. உடல் எடைக்குத் தகுந்தாற்போல் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எடைக்குத் தகுந்தாப்பலன்னா எப்படி தம்பி? நான் என்ன இடுப்புல தூக்கி வச்சா பார்க்க முடியும்?"

"நீங்க எவ்வளவுன்னு நினைக்கிறீங்கண்ணே?"

"மூணு மூட்டை இருக்கும்."

அரிசி மூட்டைக் கணக்கு. மூட்டைக்கு 75 வைத்தால் 225 கிலோ.

கல்லாவில் இருந்த கடைக்காரர் உடனே தலையிட்டார். "என்னா நைனா நீ, அவ்ளோ பெரிய வயிறு! நாலு குவிண்டாலுக்கு ஒரு கிராம் குறையாது." மூட்டை தூக்கும் பையன் மட்டும், "ஒரு டன்" என்றான். அவன் முதுகு அவனுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறது.

225, 400, 1000. பூசணிக்காயில் முப்பது கிராம் தவறாத ஊரில் குதிரைக்கு இந்த வித்தியாசம்! அந்த மருந்து ஐவர்மெக்டின். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பது அதற்குக் கணக்கு. 225-க்கு 45 மில்லிகிராம், 400-க்கு 80. குறைத்துக் கொடுத்தால் பரவாயில்லை, ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று தோன்றும். விஷயம் நேர்மாறு. அரைகுறை டோஸில் பலவீனமான புழு சாகும், கெட்டியான புழு பிழைத்துக் குடும்பம் நடத்தும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அந்த மருந்துக்கே மசியாத புழு வம்சம் ஒன்று நம் செலவில் உருவாகிவிடும். கண்ணால் எடை சொல்கிறவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் இதில் வில்லங்கம்.

சீட்டின் மறுபக்கம் இன்னொரு சங்கதி எழுதியிருந்தார். அடுத்த மாத முகூர்த்தம் ஒன்று. மாப்பிள்ளை சாரட்டில் வேண்டாமாம், குதிரை மேலேயே ஏறி வர வேண்டுமாம். வட இந்திய சினிமா பார்த்து வந்த ஆசை. மாப்பிள்ளை 'கொஞ்சம் புஷ்டி'.

"எவ்வளவு புஷ்டி?"

"எண்பத்து நாலாம். அவங்க அக்கா பெருமையா சொல்லிச்சு."

மாப்பிள்ளை எடை கிலோ சுத்தமாகத் தெரிகிறது. சுமக்கிறவன் எடை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

* * *

எனக்குக் கால்நடை டாக்டர் நண்பன் ஒருவன் உண்டு. போன் செய்தேன்.

"லாரி எடைமேடைக்குக் கொண்டு போகலாமாடா?"

"தாராளமா. டெம்போவில் ஏத்தி ஒரு எடை, இறக்கிட்டு டெம்போ மட்டும் ஒரு எடை. நீ பி.காம். ஆச்சே, கிராஸ், டேர், நெட் எல்லாம் உனக்குச் சொல்லித் தரணுமா? ஆனா டெம்போ வாடகைக்கு ஒரு வாரக் கொள்ளு வாங்கிடலாம். ஒரு டேப் எடு."

"என்ன டேப்?"

"ஜாக்கெட் தைக்கிற டேப்புடா."

அவன் சொன்ன வழி இது. குதிரையைச் சமதரையில், நாலு காலும் நேராக ஊன்றி நிற்க வைக்க வேண்டும். பிடரி மயிர் முடிந்து முதுகு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் ஆரம்பித்து, முன்னங்கால்களுக்குப் பின்புறமாக, நெஞ்சைச் சுற்றி ஒரு வட்டம். குதிரை மூச்சை வெளியே விட்ட நேரத்தில் படிக்க வேண்டும். இது நெஞ்சுச் சுற்றளவு. அடுத்தது நீளம். முன்பக்கம் மார்புக்கு ஓரத்தில் துருத்தும் தோள் எலும்பு முனையிலிருந்து, பின்பக்கம் வாலுக்குக் கீழே பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்பு வரைக்கும் நேர்கோடு. இரண்டும் சென்டிமீட்டரில்.

சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கு. அதை நீளத்தால் பெருக்கு. 11,880-ஆல் வகு. கிலோ வந்துவிடும். 1988-ல் கரோல், ஹண்டிங்டன் என்ற இருவர் நிறையக் குதிரைகளை அளந்து, நிஜத் தராசிலும் ஏற்றி, ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கு. புத்தகத்துக்குப் புத்தகம் வகுக்கிற எண் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். குடி முழுகிவிடாது.

தையல்காரரிடம் டேப் கடன் கேட்டபோது, "யாருக்கு அளவு?" என்றார். சொன்னோம். டேப்பை உடனே கழுத்திலிருந்து கழற்றவில்லை. அளந்த பிறகு துடைத்துத் தருவதாக வாக்குறுதி கொடுத்த பிறகுதான் கழற்றினார்.

காலை வியாபாரம் ஓய்ந்த நேரம். சாமான் இறக்கும் சந்தில் சுல்தான் நின்றது. நெஞ்சைச் சுற்றி டேப்பைக் கொண்டு வந்தால் இரண்டு முனையும் சந்திக்கவில்லை. தையல் டேப் அறுபது அங்குலம், அதாவது 152 சென்டிமீட்டர். மனிதர்களுக்காகச் செய்தது. எனக்குத் தெரிந்த ஓரிருவருக்கும் போதாதுதான், அது வேறு கதை. கடைப் பையன் சணல் கயிறு கொண்டு வந்தான். கயிற்றைச் சுற்றி, சேர்ந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, அதைத் தரையில் நீட்டி அளந்தோம். 156. நீளம் 144.

சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. குதிரைக்குச் சட்டை தைக்கிறார்கள் என்று ஒரு பாட்டி இன்னொரு பாட்டிக்கு விளக்கிக் கொண்டிருந்தார்.

156-ஐ 156-ஆல் பெருக்கினால் 24,336. அதை 144-ஆல் பெருக்கினால் 35,04,384. 11,880-ஆல் வகுத்தால் 295. செல்போன் கால்குலேட்டரை மூன்று பேர் வாங்கிப் பார்த்துச் சரி என்றார்கள்.

சுல்தான் 295 கிலோ. மருந்து 59 மில்லிகிராம். மூணு மூட்டைக் கணக்கில் கொடுத்திருந்தால் கால்வாசி குறைந்திருக்கும்.

* * *

11,880 என்ற எண் எங்கிருந்து குதித்தது என்று அக்கவுண்ட்ஸ் செக்ஷன் ஆசாமிகளுக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் ரொம்ப எளிமையான விஷயம்.

குதிரையின் தலை, கழுத்து, கால், வால் எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் மறந்துவிடுங்கள். மிச்சம் இருப்பது படுக்கப் போட்ட ஒரு பீப்பாய். பீப்பாயின் சுற்றளவும் நீளமும் தெரிந்தால் கொள்ளளவு தெரிந்துவிடும்: சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, நான்கு பையால் வகுக்க வேண்டும். ஒன்பதாம் கிளாஸில் படித்த அதே 3.14 பை. உயிருள்ள உடம்பு கிட்டத்தட்டத் தண்ணீர் கனம்தான், ஆயிரம் கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஆக, வகுக்க வேண்டிய எண் 4 × 3.1416 × 1000. அதாவது 12,566.

இப்போது கழற்றி வைத்த தலை, கழுத்து, கால்களைத் திரும்ப மாட்ட வேண்டாமா? அதற்காக எண்ணைக் கொஞ்சம் குறைத்து, விடையைக் கொஞ்சம் கூட்டிக் கொள்கிறார்கள். 11,880. பீப்பாய்க்குத் தலை, வால் அலவன்ஸ்!

சுற்றளவு இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அங்கேதான் கவனம் வேண்டும். கயிறு தொளதொளவென்று நாலு சென்டிமீட்டர் கூடினால் 160. விடை 310. பதினைந்து கிலோ காற்றில் ஏறிவிடும். சினைக் குதிரை, குட்டிக் குதிரை, கழுதை இவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அவற்றுக்கு வேறு சூத்திரங்கள். ஒழுங்காக அளந்தாலும் நூற்றுக்கு ஐந்து, பத்து முன்பின் இருக்கலாம். இருக்கட்டுமே. 225-க்கும் 1000-க்கும் நடுவில் தத்தளித்ததற்கு இது தேவலை.

* * *

295 என்பது நல்ல எடையா, கெட்ட எடையா?

இதைத்தான் குதிரைக்காரரும் கேட்டார். டாக்டர் நண்பன் போனிலேயே சிரித்தான். "எழுபது கிலோன்னா நல்ல எடையான்னு கேட்கிற மாதிரி இருக்கு. யாருன்னு தெரியாம என்ன சொல்றது? ஐந்தடி ஆளா, ஆறடி ஆளா?"

பந்தயக் குதிரை ஐந்நூறு கிலோவைத் தொட்டு நிற்கும். இங்கிலாந்தில் வண்டி இழுக்கும் ஷயர் ஜாதி ஒரு டன்னுக்குப் பக்கத்தில் போகும் (மூட்டை தூக்கும் பையன் சொன்னது அதைத்தான் போலிருக்கிறது). ஜட்கா இழுக்கும் நம்மூர்த் தட்டுவாணிகள் இவற்றின் பக்கத்தில் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதனால் எண் ஒரு பக்கம் இருக்க, கை ஒரு பக்கம் பேச வேண்டும்.

1983-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னகே என்பவரும் சகாக்களும் குதிரைக்கு ஒரு மார்க் முறை கொண்டு வந்தார்கள். 1 முதல் 9 வரை. 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுப்பு மூட்டை. மற்ற பரீட்சை மாதிரி ஒன்பதுக்கு ஆசைப்படக் கூடாது, ஐந்துதான் ஃபர்ஸ்ட் கிளாஸ். கழுத்து, முதுகு மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வால் அடி என்று ஆறு இடங்களைப் பார்த்தும் தடவியும் மார்க் போட வேண்டும்.

முக்கியமாக விலா. ஐந்து மார்க் குதிரைக்கு விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குச் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும். அந்தத் தொடு உணர்வு எப்படி இருக்கும் என்பதை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம். மானேஜர் பார்க்காத நேரமாகச் செய்யுங்கள். இடது கையை முஷ்டியாக மடக்கி, வலது கை விரலால் முட்டிகளின் மேல் தடவுங்கள். மேடு பள்ளம், மேடு பள்ளம். விலா இப்படி இருந்தால் மெலிவு. இடது கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்கு அகப்படும். இதுதான் சரி. திருப்பி, உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை மேட்டை அமுக்குங்கள். எலும்பு என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. இந்த நிலைக்கு வந்த குதிரைக்குத் தீனியைக் குறைக்க வேண்டும்.

சுல்தானைத் தடவிப் பார்த்ததில் முட்டிக்கும் புறங்கைக்கும் நடுவில். மார்க் நாலு என்று டாக்டர் மறுநாள் நேரில் வந்து போட்டான். கடைக்காரர் கண்ட பெரிய வயிறு? அது புஷ்டி அல்ல. நார்த் தீனியும் புழுவும் சேர்ந்தால் வயிறு தொங்கும், மேலே விலா எட்டிப் பார்க்கும். வயிற்றைப் பார்த்துக் குதிரையின் செழிப்பைக் கணக்குப் போடுவது, பில்டிங் சைஸைப் பார்த்துக் கம்பெனியின் லாபத்தைக் கணக்குப் போடுகிற மாதிரி.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் ஊரில் பழமொழி. இளைத்த சுல்தானுக்கு எள் வைக்கலாமா என்று குதிரைக்காரர் நிஜமாகவே கேட்டார். வேண்டியதில்லை. வேண்டியது புல். குதிரைக்கு நாள் ஒன்றுக்கு உலர்ந்த கணக்கில் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி வேண்டும், ஒன்றரைக்குக் கீழே போகக் கூடாது. 295-க்கு ஏறக்குறைய ஆறு கிலோ. பச்சைப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர், ஆகவே பச்சையாகப் போட்டால் இருபத்து நாலு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். அவர் போட்டுக்கொண்டிருந்தது பத்து. மிச்சத்தைத் தவிடால் அடைத்துக்கொண்டிருந்தார்.

தவிடு சமாசாரம் தனியாக ஒரு வரி பெறும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையே முக்கியத் தீனியாக வைத்தால், ரத்தத்தில் கணக்கு நேர்செய்ய உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கடன் வாங்கும். கடன் திரும்பி வராது. முக எலும்பு வீங்கி மிருதுவாகும். மேல்நாட்டில் இதற்கு மில்காரர் வியாதி என்றே ஒரு பெயர் இருந்தது. மாவு மில்காரர் வீட்டுக் குதிரைக்குத் தவிடு இலவசம் அல்லவா!

கொழுத்தாலும் நிம்மதி இல்லை. கழுத்தின் மேல் விளிம்பு கெட்டியாகத் திரண்டு நிற்கும் குண்டுத் தட்டுவாணிகளுக்குக் குளம்பில் வினை வரும். குளம்பு ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அடுக்கு வீங்கி, நிற்கவே முடியாமல் போகும். குதிரைக்கு நிற்க முடியவில்லை என்றால் அதற்கப்புறம் பேச அதிகம் இல்லை.

* * *

நாம் குதிரை விஷயத்தில் நேற்றைக்கு விழித்தவர்கள் இல்லை. பாண்டிய ராஜாக்கள் கப்பல் கப்பலாக அரபுக் குதிரை வாங்கினார்கள். காயல் துறைமுகத்தில் வந்து இறங்கும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தைக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறார். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வருஷ முடிவில் கொஞ்சம்தான் மிச்சம், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்கிறார். பாரசீகத்து வஸ்ஸாஃப் என்பவரும் ஏறத்தாழ இதே ராகம்: வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சின பசும்பால் என்று மாப்பிள்ளை விருந்து. விற்றவர்களுக்கு இதில் வருத்தம் இருந்திருக்க நியாயமில்லை. செத்தால்தானே அடுத்த ஆர்டர்!

நரியைப் பரியாக்கிய கதை தெரிந்ததுதான். குதிரை வாங்கத் திருவாதவூரரிடம் பணம் கொடுத்து அனுப்பினார் பாண்டியர். வந்த குதிரைகளைப் பார்த்து மகிழ்ந்து லாயத்தில் கட்டினார்கள். ராத்திரியில் ஊளைச் சத்தம். சாமி விஷயத்தில் ஆடிட் செய்யக் கூடாது. இருந்தாலும் ஸ்டாக் எடுத்தவர் கண்ணால் மட்டும் பார்த்து ரசீது போட்டிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

இன்றைக்கும் ஈரோட்டுப் பக்கம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். காது நுனிகள் ஒன்றையொன்று முட்டுகிற மார்வாரி, கத்தியவாரி எல்லாம் அங்கே வரும். வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி பார்ப்பார்கள். நெற்றிச் சுழி எங்கே, கழுத்துச் சுழி எத்தனை என்பதில் விலை ஏறும், இறங்கும். நகுலன் பெயரில் இருக்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டே வைத்திருக்கிறது, ஆகவே சுழியைப் பற்றிப் பேச நமக்கு ஆதாரத்துக்குக் குறைவில்லை. கொண்டுபோய் நாளைக்கு என்ன போடுவது, எவ்வளவு சுமத்துவது என்பதற்குச் சுழி பதில் சொல்லாது.

ஜப்பானில் பந்தயக் குதிரையை ஓடுவதற்கு முன்னால் எடை போட்டு, போன தடவையைவிட நாலு கிலோ கூட, ஆறு கிலோ குறைச்சல் என்று ஜனங்களுக்கு அறிவிக்கிறார்கள். ஹாங்காங்கிலும் அப்படித்தான். அங்கே அந்த எண்ணைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள், அதனால் அக்கறை. சாரட்டுக் குதிரை மேல் யாரும் பந்தயம் கட்டுவதில்லை. அதன் மேல் ஏறி உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

* * *

ஏறி உட்காருவதற்கு வருவோம்.

குதிரை மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ரொம்ப நாளாகப் புழங்கும் ஒரு கணக்கு: அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. சேணம், துணிமணி, ஆள் எல்லாம் சேர்த்து. 2008-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்டுக் குதிரைகளை வைத்து இதைப் பரீட்சை செய்தார்கள். எடையில் நூற்றுக்கு 15, 20, 25, 30 என்று ஏற்றி ஓட்டினார்கள். இருபது வரை சமாளித்த குதிரைகளுக்கு இருபத்தைந்திலும் முப்பதிலும் இதயத் துடிப்பு எகிறியது, முதுகுத் தசை வலித்தது. முப்பதுக்கு மேல் அவர்கள் ஏற்றவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் மிருகங்களுக்கென்று 1965-ல் மத்திய அரசு விதிகள் போட்டது. முதுகில் பொதி சுமக்கும் தட்டுவாணிக்கு உச்சவரம்பு 70 கிலோ. கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூடவே கூடாது. நம் ஆபீஸ்களுக்கு இந்த விதிகளில் பாதி இருந்தால் போதும் என்று சில வாசகர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

சுல்தானின் 295-ல் ஐந்தில் ஒரு பங்கு 59 கிலோ. சேணம், ஜரிகை விரிப்பு, மணி, குஞ்சம் எல்லாவற்றையும் கடைத் தராசில் போட்டோம். 11 கிலோ. மிச்சம் 48.

48 கிலோ மாப்பிள்ளையைத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் விட்டு வைப்பார்களா?

நமது மாப்பிள்ளை 84. சேணத்தோடு 95. தலைப்பாகை, மாலை, வாட்ச் எல்லாம் இனாம். 95-ஐ 295-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 32. ஒஹாயோவில் நிறுத்திய இடத்துக்கும் மேலே. நடைதானே, ஓட்டம் இல்லையே என்று வாதாடலாம்தான். ஆனால் நம் ஊர் ஊர்வலம் நடப்பதைவிட நிற்பது அதிகம். முச்சந்திக்கு முச்சந்தி பாண்டு செட், ஆயிரம் வாலா, டான்ஸ். இரண்டு மணி நேரம் முதுகில் 95 கிலோவோடு பட்டாசுக்கு நடுவில் நிற்பது ஓட்டத்தைவிட லேசு என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன்.

குதிரைக்காரருக்கு இதில் நஷ்டம் இருந்தது. குதிரைச் சவாரிக்கு வாடகை கூட. ஆர்டரை விட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். சுல்தானுக்கு முதுகு போனால் இவருக்கு வருஷம் போகும். அதையும் அவரே சொன்னார். கொஞ்ச நேரம் பீடி பிடித்தார். பிறகு மாப்பிள்ளையின் அக்காவுக்கு என் போனிலிருந்தே பேசினார்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்த்தாச்சும்மா. குதிரை 295 கிலோ. தாங்காதாம். சாரட்டுல வரச் சொல்லுங்க. சக்கரம் பாதி சுமக்கும், பூ அலங்காரம் நம்ம செலவு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சத்தம். தம்பியைக் குண்டு என்று யார் சொன்னது என்பதில் ஆரம்பித்து ஜாதகம் வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் சாரட்டுக்குச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை: போட்டோவுக்காக மாப்பிள்ளை இரண்டே நிமிஷம் குதிரை மேல் உட்காருவார். டாக்டரைக் கேட்டோம். நாற்காலி போட்டு மெதுவாக ஏறட்டும், தொங்கி ஏறக் கூடாது, போட்டோகிராபர் முன்கூட்டியே ரெடியாக நிற்கட்டும் என்றான்.

புழு மருந்து கொடுத்தாகிவிட்டது. தவிடு பாதியானது, புல் இருபது கிலோவைத் தாண்டியிருக்கிறது. பால்பாயிண்ட் கோடு போட்ட சணல் கயிற்றைக் குதிரைக்காரர் லாயத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி, காலைத் தீனிக்கு முன்னால், அதே கயிறு. இந்த மாதக் கோடு போன மாதக் கோட்டைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. 158. கணக்குப் போட்டால் 303 கிலோ, எட்டு கிலோ ஏற்றம். விலாவைத் தடவிப் பார்த்தாராம். "புறங்கை கிட்ட வந்துடுச்சு தம்பி."

தையல்காரர் தன் டேப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தரச் சொல்லிவிட்டார். முப்பது ரூபாய், என் கணக்கில்.